அண்ணன் கை வைப்பதற்குள்

ரப்பர் பேண்டு அறுந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த நொடியிலிருந்து தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையிலிருந்து திருத்தணிக்குத் திரும்பும் சாயங்கால வண்டி அது. அரக்கோணத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறியபோது யாரோ முழங்கையால் இடிக்க, மடியிலிருந்த துணிப்பை சரிந்தது. உள்ளேயிருந்த அட்டைக் கட்டு பிய்த்துக்கொண்டு பெட்டியெங்கும் சிதறியது. நீள நீளமான வெளிர்மஞ்சள் அட்டைகள். ஒவ்வொன்றிலும் பூச்சி அரித்த மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள். அவள் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது.

நிமிர்ந்தாள். பங்காரு.

அரக்கோணத்து ஆபீசில் அண்ணன் தேசப்பனுக்குப் பக்கத்து மேஜைக்காரர். ஊழியர் சங்கத்தில் அண்ணன் செயலாளர், இவர் துணைச் செயலாளர். எத்தனை தேர்தல் வந்தாலும் துணையாகவே இருந்து இருந்து முகத்தில் ஒரு நிரந்தரப் புன்னகை படிந்து போனவர்.

"இன்னாம்மா இது, ஓட்ட ஓட்டையா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பள்ளிப்பட்டில் சித்தப்பாவின் தறியில் புடவைக்குப் பூ விழ வைக்கிற அட்டை என்றாள்.

பங்காரு ஓர் அட்டையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நானும் தறிக்காரன் புள்ளதாம்மா" என்றார் கடைசியில். குரலில் கோபமே இல்லை. பிறகு தன் காலடியில் கிடந்தவற்றைத் தானே பொறுக்கி, தட்டி அடுக்கி, அவளிடம் மரியாதையாக நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஓர் அட்டை குறைந்தது.

தேசப்பனின் தங்கை சென்னையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கிறாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். இந்த வருடம் அதோடு சேர்த்து இன்னொரு பாடமும் எடுத்திருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ். காலையில் புள்ளியியல் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஏ.சி. அறையில் அந்த இயந்திரம். அறைக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். முதல் நாள் தமயந்தி கழற்றியதோடு நிற்காமல் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடப் படிக்கிற பையன்கள் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு வாரம் உட்கார்ந்து அவள் கையால் போட்ட கணக்கை அது ஒரு டீ ஆறுவதற்குள் போட்டுத் தள்ளியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். புள்ளியியல் அவளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தது. இது பதிலை வரவழைக்கச் சொல்லிக்கொடுத்தது. இனி ஒன்றை விட்டு இன்னொன்றைப் படிப்பது ஒற்றைக் காலில் நடக்கிற மாதிரிதான்.

சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆசிரியர் அந்தப் பயிற்சியைக் கொடுக்கும் வரை. ஓர் அலுவலகத்து ஊழியர்களின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்க ஒரு புரோகிராம். எழுதினாள், அட்டையில் துளை போட்டாள், இயந்திரத்துக்கு ஊட்டினாள். பிழையே இல்லாமல் ஓடியது. ஓடி முடிந்த பிறகுதான் உறைத்தது. அண்ணனும் பங்காருவும் அவர்கள் ஆபீசின் சம்பளப் பிரிவில் இன்னும் சிலரும் மாதம் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை இது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த அறையின் குளிர் அவள் முதுகுத்தண்டில் ஏறியது.

ரயிலில் சிதறியதும் அதே கட்டுதான்.

வீட்டில் கம்ப்யூட்டர் என்பது கெட்ட வார்த்தை. வருகிற வருடம் ஆபீசுக்கு அதைக் கொண்டுவரப் போவதாகப் பேச்சு கிளம்பியதிலிருந்து தேசப்பன் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேயை வாசப்படி ஏற விடமாட்டோம் என்று அவன் மைக்கில் கர்ஜித்தால் அரக்கோணம் ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள்கூடக் கை தட்டுவார்கள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவன் அவன். பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்ட உறவுக்காரர்களை வாசலோடு அனுப்பியவனும் அவனே.

அட்டை தொலைந்த அந்த வாரமே அண்ணன் ஆபீசிலிருந்து கறுத்த முகத்தோடு வந்தான்.

"நம்ம சங்கத்து ஆளுங்க வூட்டுலயே ஒருத்தரு அந்த மெஷினைப் படிச்சிகினு இருக்காங்களாம். பங்காரு சொல்றான். யாருடான்னு கேட்டா, நேரம் வந்தா தானா தெரியும்ன்றான்."

தமயந்தி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிக்க வழி இருக்குது. வர்ற கிருத்திகைக்கு அத்தினி பேரும் குடும்பத்தோட மலை ஏறணும்னு சொல்ட்டேன். கற்பூரம் அடிச்சி சத்தியம். மொதல்ல நான் அடிக்கறேன்."

அண்ணி ஜெயம்மாள் நெற்றியைச் சுருக்கினாள். சங்கத்தில் பாதிப் பேர் சாமி இல்லை என்கிறவர்களாயிற்றே என்று கேட்டாள். தேசப்பன் சிரித்தான். மேடையில் இல்லைதான், தணிகை மலை என்றால் அவனவன் தானாகச் செருப்பைக் கழற்றுவான் என்றான்.

கற்பூரம் அடிப்பது இந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. சந்நிதிக்கு எதிரே கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். குடும்பத் தலைவன் அடித்தால் வீட்டிலிருக்கிற எல்லோரும் அடித்ததாகக் கணக்கு. பொய்யாக அடித்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணி சொன்னாள். மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுடைய ஊரான கே.ஜி.கண்டிகையில் ஒருவர் வரப்புத் தகராறில் பொய்யாகக் கற்பூரம் அடித்தாராம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருந்தார். அந்த வருடம் அவர் மருமகளுக்குப் பிறந்த குழந்தை அழவேயில்லை.

"தெரியாம அடிச்சா, அண்ணி?" என்றாள் தமயந்தி. "பொய்யின்னு தெரியாம?"

அண்ணி யோசித்தாள். கை தானாக வயிற்றின் மேல் போனது. ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை.

"நெருப்புக்கு இன்னா தெரியும் தமா, தெரிஞ்சி கை வெச்சானா தெரியாம வெச்சானான்னு?"

அன்றிலிருந்து தமயந்திக்கு ஒரே நினைப்புதான். என் வீட்டில் யாரும் படிக்கவில்லை என்று அண்ணன் சொல்லப் போகிறான். பக்கத்தில் அண்ணி நிற்கப் போகிறாள். அண்ணன் கை வைப்பதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் கம்ப்யூட்டர் வகுப்பு அன்றோடு சரி, புள்ளியியல்கூட மிஞ்சுமா என்று தெரியாது. சொல்லாவிட்டால்?

விகிதங்களையும் வாய்ப்புகளையும் படித்தவள் அவள். ஒரு கற்பூரக் கட்டிக்கும் ஒரு குழந்தையின் அழுகைக்கும் தொடர்பு இருக்க முடியாது என்று காகிதத்தில் நிரூபித்துவிடுவாள். காகிதத்தில்.

ஒரு சாயங்காலம் துணிந்துவிட்டாள். அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். "அண்ணா, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள். அதே நேரம் சங்கத்து ஆட்கள் நாலு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். பொருளாளர் வீராசாமி முன்னால், பங்காரு கடைசியாக. அண்ணன் ஈரக் கையோடு அவள் தோளைப் பிடித்து அவர்கள் முன் நிறுத்தினான்.

"பாருங்கய்யா, என் தங்கச்சி. எவ்ளோ பெரிய கணக்கையும் மண்டையிலயே போடுவா. இந்த மாதிரி மூளைய மெஷினு வந்து தின்னுட்டுப் போவணுமா?"

பங்காருவின் புன்னகை கொஞ்சம் அகலமானது. தமயந்தி காபி போட உள்ளே போய்விட்டாள்.

கிருத்திகை வந்தே விட்டது.

மலை முழுக்க அரோகரா. காவடிகள், பால்குடங்கள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அண்ணியை வீராசாமியின் மனைவியோடு பஸ்ஸில் மேலே அனுப்பிவிட்டு மற்றவர்கள் படியேறினார்கள். அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். சட்டையில் சங்கத்துச் சிவப்பு பேட்ஜ், நெற்றியில் பட்டை விபூதி. தமயந்தி அவனை எட்டிப்பிடிக்கப் பார்த்தாள். கூட்டம் விடவில்லை. பத்துப் படி நெருங்கினால் நடுவில் ஒரு காவடி நுழைந்தது. காவடி விலகினால் அண்ணன் பக்கத்தில் வேறு யாராவது பேசிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது அவள் பக்கத்தில் செருப்பில்லாத இரண்டு கால்கள் சேர்ந்து நடக்கத் தொடங்கின.

"மூச்சு வாங்குதாம்மா?" என்றார் பங்காரு. "மெதுவா ஏறு. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் சட்டைப் பையை லேசாகத் தொட்டுக் காட்டினார். மடித்த கைக்குட்டைக்குப் பின்னால் வெளிர்மஞ்சளாக ஒரு விளிம்பு தெரிந்தது.

"சென்னையில ஒரு தெரிஞ்ச பையன் கிட்ட காமிச்சேன். இன்னா அட்டை, எங்க குத்தினதுன்னு பார்த்ததுமே சொல்ட்டான். நான் வாயத் தொறக்க மாட்டேன்மா. உங்கண்ணன் நல்லபடியா கற்பூரம் அடிக்கட்டும். பொறவு ஒரு கூட்டம் போடுவோம், அங்க இத காமிக்கறேன். பொய்ச் சத்தியம் பண்ணவன் செயலாளரா இருக்க முடியுமா, நீயே சொல்லு."

"எங்க அண்ணி மாசமா இருக்காங்க" என்றாள். அவளை அறியாமல் வந்த வார்த்தை.

பங்காரு நடையை நிறுத்தவில்லை. "அத நீதான நெனச்சிருக்கணும்?" என்றார், ஒரு தகப்பன் கேட்கிற மாதிரி.

மேலே கொடிமரத்துக்குச் சற்றுத் தள்ளி, தேங்காய்த் தண்ணீரில் வழுக்கிய கல்தரையில் சங்கத்துக் குடும்பங்கள் வட்டமாகக் கூடிவிட்டன. எல்லோருக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தட்டு. அண்ணி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றாள். முகம் வேர்த்திருந்தது. தமயந்தி கூட்டத்தின் வெளிவிளிம்பில் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒரு சுவர் மாதிரி முதுகுகள்.

தேசப்பன் தட்டில் கட்டிக் கற்பூரத்தை வைத்தான். காற்றில் இரண்டு குச்சி வீணானது. மூன்றாவது பற்றிக்கொண்டது.

"தணிகாசலத்தான் மேல ஆணை" என்றான். மைக் இல்லாமலே அவன் குரல் பிராகாரத்தில் மோதித் திரும்பியது.

தமயந்தி முதுகுகளைத் தள்ளினாள். யாரோ அதட்டினார்கள். ஒரு குழந்தையின் கையை மிதித்துவிட்டாள் போலிருக்கிறது, அழுகை கேட்டது. அண்ணா என்று கத்துகிறாள், சத்தமே வரவில்லை.

"என் குடும்பத்துல, என் கூரைக்குக் கீழ இருக்கற யாரும்..."

பங்காரு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை.

"...அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதில்ல, படிக்கல. இது சத்தியம்."

அண்ணனின் வலது கை மேலே போனது. தமயந்தி கடைசி முதுகையும் பிளந்துகொண்டு தட்டின் மேல் விழுந்தாள். அவள் உள்ளங்கை சுடரை மூடியது. அதன் மேல் அண்ணனின் கை படீரென்று இறங்கியது.

சூடு ஒரு ஊசி மாதிரி முழங்கை வரை ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. தன் கைக்குக் கீழே இன்னொரு கை எப்படி வந்தது என்று புரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பொய்யிண்ணா" என்றாள். இப்போது குரல் வந்துவிட்டது. "நான் படிக்கறேன். புள்ளியியலோட சேர்த்து அதையும் படிக்கறேன். நீ அடிக்கல, நான்தான் அடிச்சேன். உன் கை நெருப்புல படல. அண்ணி, அவரு கை படல."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பங்காருவுக்கு முதல் முறையாகப் புன்னகை கழன்று விழுந்தது. ஆனால் சமாளித்துக்கொண்டார். அவசரமாக அட்டையை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, தனக்கு முன்னாலேயே தெரியும் என்றும், செயலாளர் மனசு நோகுமே என்று பொறுத்திருந்ததாகவும் சொன்னார்.

தேசப்பன் அவரைப் பார்க்கவேயில்லை. தங்கையின் கையைத் திருப்பினான். நடுவில் வட்டமாகச் சிவந்து கொப்பளித்திருந்தது.

"சரி" என்றான் மெல்ல. "போனது போவட்டும். இன்னியோட அந்தப் படிப்ப நிறுத்திட்டேன்னு சொல்லு. இங்கயே, இவங்க எல்லாரு முன்னாலயும் சொல்லு. வேற கற்பூரம் ஏத்தறேன்."

தப்பிக்க வழி அதோ திறந்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அண்ணன் பதவி பிழைக்கும், புள்ளியியலாவது மிஞ்சும். அவள் வாயைத் திறந்தாள். ஏ.சி. அறையின் குளிர் நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் ஓட்ட வேண்டிய புரோகிராம் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டு மறுபடி போவாள். நிச்சயம் போவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"சொல்ல முடியாதுண்ணா."

"ஏன்?"

"நிறுத்த மாட்டேன். நிறுத்தறேன்னு சொன்னா அது பொய். இங்க நின்னுகினு பொய் சொல்ல எனக்கு பயமா இருக்குது."

தேசப்பன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி, அணைந்த கற்பூரத்தின் பக்கத்தில் வைத்தான். மனைவியைத் தூக்கி நிறுத்தி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். தமயந்தி கூடவே போனாள்.

பின்னால் வீராசாமி, சரி பங்காரு, நீ அடி என்றது கேட்டது. பங்காரு அடித்தார். அவர் வீட்டில் யாரும் எதையும் படிக்கவில்லை. சத்தியமும் சுத்தமாக இருந்தது. அன்றைக்கே அவர் செயலாளர்.

அந்த வாரக் கடைசி முழுக்க அண்ணன் பேசவில்லை. சாப்பிட்டான், படுத்தான், கூரையைப் பார்த்தான். அண்ணி மட்டும் ஒரு தடவை வந்து கொப்பளத்தில் வெண்ணெய் தடவிவிட்டுப் போனாள். திட்டவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வீராசாமி வந்து வாசலிலேயே நின்று, தேசப்பன் தங்கை இனி படிக்கச் சென்னை வண்டி ஏறக் கூடாது என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள், சொல்லிவிட்டேன், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து தமயந்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடியலில் புடவை கட்டிக்கொண்டு, துணிப்பையோடு கதவைத் திறந்தாள். வாசலில் அண்ணன் சட்டை போட்டுத் தயாராக நின்றான். அவன் வழக்கமாக ஏறுவது இதற்கு அடுத்த வண்டி.

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் அவளைத் தன் இடது பக்கம் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்தான். அவர்கள் நகரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒருவன் மட்டும் கடைசிப் பெட்டியில் ஏறியதைத் தமயந்தி பார்த்தாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"நான் பண்ற வேலைய அது பண்ணுமா?"

"ஆங்."

"எவ்ளோ நேரத்துல?"

அவளுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "ரொம்பக் கொஞ்ச நேரம்ணா."

அவன் தலையை ஆட்டினான்.

"எனக்கு பயமா இருக்குது தமா" என்றான். "ஆளுங்களுக்குத் தைரியம் சொல்லணுமேன்னு கத்திகினு இருந்தேன். உள்ள அவ்ளோவும் பயம். அது இன்னான்னே எனக்குத் தெரியாது. நம்ம வூட்டுல ஒருத்தருக்காவது தெரியட்டும்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அரக்கோணம் வந்துவிட்டது.

பிளாட்பாரத்தில் ஒரு கும்பல். நடுவில் பங்காரு, புதுச் சட்டையில் புதுப் பேட்ஜ். கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவன் ஓடிப்போய் அவர் காதில் எதையோ சொன்னான். அத்தனை தலைகளும் ஒன்றாக இந்தப் பெட்டிப் பக்கம் திரும்பின.

"இறங்காத. கதவுப் பக்கம் வராத" என்றான் அண்ணன். "சாயங்காலம் வண்டி வர்றப்ப இங்க நான் நிப்பேன். நான் இல்லன்னா அண்ணிகிட்ட போயிரு, தேடிகினு நிக்காத."

அவன் இறங்கிப் போய் அவளுடைய ஜன்னலுக்கு வெளியே நின்றான். முதுகு அவள் பக்கம். இரண்டு கைகளும் பின்னால் வந்து ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டன. கும்பல் நெருங்கியது. யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். அவன் கம்பியை விடவில்லை. தமயந்தி உள்ளேயிருந்து அந்த விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள். சில்லென்று இருந்தன.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. அண்ணன் கூடவே சில அடி நடந்தான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவன் திரும்பி அந்தக் கும்பலைப் பார்த்து நடந்தான். அவள் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பார்த்தாள். அவனைச் சுற்றி வட்டம் மூடிக்கொண்டது. வண்டி வளைவில் திரும்பியது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.